சத்திரமா, விருந்தினர் அறையா? வேதாகமப் பின்னணி அறிய எதை முதலில் வாங்குவது

“சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியால்” என்று லூக்கா 2:7 சொன்னதும் நம் மனதில் எழுவது ஒரு சாலையோரச் சத்திரம். திண்ணை, தூண்கள், உள்ளே வழிப்போக்கர் கூட்டம், வாசலில் கைவிரிக்கும் சத்திரக்காரர். கிறிஸ்துமஸ் நாடகத்தில் அந்தச் சத்திரக்காரருக்கு வசனமும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். லூக்கா அப்படி ஒருவரைப் பற்றி எழுதவே இல்லை.

அவர் எழுதிய கிரேக்கச் சொல் ‘கட்டாலுமா’. பஸ்கா விருந்துக்கு இயேசு கேட்டனுப்பும் அறைக்கும் (22:11) இதே சொல்தான். காசு கொடுத்துத் தங்கும் இடத்துக்கு லூக்காவிடம் வேறு சொல் உண்டு. நல்ல சமாரியன் காயம்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தை (10:34) அவர் ‘பன்டொக்கேயன்’ என்கிறார். ஆகவே 2:7 பேசுவது பெத்லகேமில் யாரோ ஒருவர் வீட்டு விருந்தினர் அறையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். அந்த நாட்டு எளிய வீடுகளில் இரவில் ஆடுமாடுகள் வீட்டுக்குள்ளேயே தாழ்ந்த பகுதியில் நிற்கும். தீவனத் தொட்டியும் அங்கேதான். அப்படியானால் படமே மாறிவிடுகிறது. ஊர் கைவிட்ட குடும்பம் என்பது போய், ஆள் நிறைந்த வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இடம் கொடுக்கப்பட்ட குடும்பம் ஆகிறது.

வழக்கு இதோடு முடியவில்லை. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், யாத்திராகமம் 4:24-இல் மோசே வழியில் தங்கிய இடத்துக்கும் ‘கட்டாலுமா’ என்றே இருக்கிறது. சொல்லின் வீச்சு அகலமானது. இந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொல்லும் துணைநூல் நல்ல துணைநூல். ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி, “இதுவரை உங்களுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் தவறு” என்று கிளர்ச்சியூட்டுவது அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு உதவும், அதற்குமேல் தாங்காது.

வேதபாட வகுப்பு நடத்துகிறவரோ வீட்டில் தனியே வாசிக்கிறவரோ, கையில் உள்ள கொஞ்சப் பணத்துக்கும் நேரத்துக்கும் எதை முதலில் வாங்குவது என்று பார்க்கும்போது அட்டையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். மூன்று வசனங்களைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். வீட்டைப் பற்றிய லூக்கா 2:7 ஒன்று. பணத்தைப் பற்றிய மத்தேயு 18:24, 28 இன்னொன்று. பருவத்தைப் பற்றிய 1 சாமுவேல் 12:17 மூன்றாவது. எந்தத் துணைநூலையும் இந்த மூன்று இடத்திலும் திறந்து பாருங்கள். கீழே செய்திருப்பதும் அதுதான்.

இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகள், அருகருகே

செலவு மிகக் குறைந்த வழி இது. பலரும் இதைப் பின்னணி ஆய்வு என்றே கணக்கில் எடுப்பதில்லை. 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் முடிந்த பழைய திருப்புதல் ஒரு பக்கம். 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் மறுபக்கம்.

லூக்கா 2:7-க்குத் திருவிவிலியம் ‘விடுதி’ என்கிறது, 10:34-க்கு ‘சாவடி’. பழைய திருப்புதலில் இரண்டும் சத்திரம். இரண்டையும் அருகில் வைத்தவுடனே “இங்கே மூலத்தில் இரண்டு சொற்கள் இருக்குமோ” என்ற சந்தேகம் வரும். கிரேக்கம் தெரியாத ஒருவருக்கு அந்தச் சந்தேகமே பாதி வேலை. ஆனால் ‘விடுதி’யும் விருந்தினர் அறையைக் காட்டாது. மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டால் கேள்வி பிறக்கும். பதிலுக்கு வேறு நூல் வேண்டும்.

பண விஷயத்தில் லாபம் இன்னும் அதிகம். திராட்சைத் தோட்டக் கூலி உவமையில் (மத்தேயு 20) பழைய திருப்புதல் “நாளொன்றுக்கு ஒரு பணம்” என்கிறது. பணம் என்பது ஒருகாலத்தில் தென்னாட்டில் புழங்கிய சிறு நாணயத்தின் பெயர். அன்றைய வாசகருக்கு இடறல் இல்லை. இன்று பணம் என்றால் பொதுவான காசு என்றே பொருள் என்பதால் ‘ஒரு பணம்’ அர்த்தமில்லாமல் நிற்கிறது. திருவிவிலியம் ‘தெனாரியம்’ என்று நாணயத்தின் பெயரையே வைக்கிறது. அந்த உவமையிலிருந்தே ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்ற அளவுகோல் கிடைத்துவிடும். அதை வைத்துக்கொண்டு மத்தேயு 18-க்கு வாருங்கள். ஒரு தாலந்து 6,000 தெனாரியம். அங்கே ஊழியன் ராஜாவிடம் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து, அதாவது 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 வேலைநாள் என்று வைத்தால் 2 லட்சம் ஆண்டுச் சம்பளம். சக ஊழியன் பட்ட கடன் நூறு வெள்ளிப்பணம், அதாவது நான்கு மாதக் கூலி. முதல் கடன் இரண்டாவதைப் போல 6 லட்சம் மடங்கு.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. தெனாரியத்தில் ஏறத்தாழ 4 கிராம் வெள்ளி என்று பார்த்து, இன்றைய வெள்ளி விலையால் பெருக்கி ரூபாயில் சொல்வார்கள். வெள்ளி விலை ஏறி இறங்குவதைப் பொறுத்து உவமையின் அர்த்தமும் ஏறி இறங்கும். கூலி நாளில் சொல்லுங்கள். எந்த ஆண்டிலும் நிற்கும்.

திருவிவிலியம் வாங்குவதற்கு இன்னொரு வலுவான காரணம் இணைத் திருமுறை நூல்கள், அதாவது சீர்திருத்த சபையினரின் வேதாகமத்தில் இடம்பெறாத பழைய யூத நூல்கள். மல்கியாவை முடித்துப் பக்கத்தைத் திருப்பினால் மத்தேயு வந்துவிடுகிற வேதாகமத்தில் நடுவே நானூறு ஆண்டுகள் காணாமல் போகின்றன. யோவான் 10:22 “தேவாலயப் பிரதிஷ்டைபண்டிகை வந்தது, மாரிகாலமுமாயிருந்தது” என்கிறது. இந்தப் பண்டிகை மோசேயின் நியாயப்பிரமாணத்தில் எங்கும் இல்லை. அதன் தொடக்கம் 1 மக்கபேயர் 4:36-59-இல் இருக்கிறது. நான்காம் அந்தியோக்கு தீட்டுப்படுத்திய ஆலயத்தை யூதா மக்கபேயும் அவருடைய ஆட்களும் கி.மு. 164-இல் சுத்திகரித்து எட்டு நாள் விழா எடுத்தார்கள். அந்நிய ஆட்சியை விரட்டியதைக் கொண்டாடும் நாளில்தான் சாலொமோன் மண்டபத்தில் இயேசுவைச் சூழ்ந்துகொண்டு “நீர் கிறிஸ்துவானால் எங்களுக்குத் தெளிவாய்ச் சொல்லும்” என்கிறார்கள். கேள்வியின் சூடு அப்போதுதான் புரியும். இரு ஏற்பாட்டுக்கு இடைப்பட்ட காலத்தை நேரடியாகச் சொல்லும் பழைய நூல் ஒன்று நல்ல தமிழில், முழுமையாக, கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. கோட்பாட்டுக் காரணத்துக்காக அதைத் திறக்காமல் இருக்க வேண்டியதில்லை. வரலாறாக வாசித்தால் போதும். வாங்கும்போது இணைத் திருமுறை உள்ள பதிப்புதானா என்று பொருளடக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போகிற போக்கில் ஒன்று: அந்த வசனத்தில் பழைய திருப்புதலின் ‘மாரிகாலம்’ அருமையான சொல். அங்கே குளிர்காலமே மழைக்காலம்.

ஆய்வு வேதாகமம்

ஸ்டடி பைபிள் என்று கேட்டு வாங்குவது. பக்கத்தின் மேலே வசனம், கீழே குறிப்பு. தொடங்குகிறவருக்கு இதைவிட வசதியானது இல்லை. பயணத்தில் ஒரே நூலோடு முடிந்துவிடும். குறையும் அந்த வசதியிலிருந்தே வருகிறது. கீழே கிடைப்பது இரண்டு மூன்று வரி. அந்த இரண்டு வரிக்குள் விளக்கம், உபதேசம், வாழ்க்கைப் பயன்பாடு எல்லாம் நெருக்கியடிக்கும். முதலில் வெட்டுப்படுவது பின்னணிதான். மத்தேயு 18:24-க்கு ‘மிகப் பெரிய தொகை’ என்று எழுதி நகர்ந்துவிடும் குறிப்புகள் நிறைய. 1 சாமுவேல் 12:17-க்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

இன்னொரு ஆபத்து, வசனமும் குறிப்பும் ஒரே தாளில் ஒரே அச்சில் இருப்பது. சில ஆண்டுகளில் குறிப்பும் வேதவசனம்போல ஆகிவிடும். எது லூக்கா எழுதியது, எது குறிப்பாசிரியர் எழுதியது என்று வாசகருக்கே மறந்துவிடும்.

இந்த வகைக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. லூக்கா 2:2-ஐத் திறந்து, இயேசு பிறந்தபோது நடந்த குடிமதிப்போடு அங்கே சேர்த்துச் சொல்லப்படும் சிரியா ஆளுநர் ‘சிரேனியு’வைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்புஸ் எழுதியபடி, ஏரோதின் மகன் அர்கெலாயு பதவி நீக்கப்பட்டபின் கி.பி. 6-இல் சிரேனியு குடிமதிப்பு எடுத்தார். இயேசு பிறந்தது ஏரோதின் நாட்களில் என்கிறது மத்தேயு 2:1; அந்த ஏரோது இறந்தது கி.மு. 4 என்பது பெரும்பாலோர் ஏற்கும் தேதி. நடுவே ஏறத்தாழ பத்து ஆண்டு இடைவெளி. இதற்குப் பல தீர்வுகள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன, எதுவும் எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை. சிக்கல் இருப்பதைச் சொல்லித் தீர்வுகளையும் சொல்கிற பதிப்பை நம்பலாம். சிக்கலே இல்லை என்பதுபோல் கடந்துபோகிற பதிப்பு மற்ற இடங்களிலும் அப்படித்தான் கடந்துபோகும்.

வேதாகம அகராதி

ஒரே ஒரு துணைநூல் வாங்க முடியும் என்றால் இதுதான். அகரவரிசையில் ஆள், ஊர், பொருள், பண்டிகை, அளவை என்று எல்லாவற்றுக்கும் கட்டுரை இருக்கும். வசன உரை நூலில் ‘வீடு’ இருபது இடத்தில் சிதறிக் கிடக்கும். அகராதியில் ஒரே இடத்தில் அடித்தளம், கூரை, மேலறை, ஆடுமாடு நிற்கும் பகுதி என்று வரும். ஒரு கட்டுரை படித்தால் லூக்கா 2-க்கும் உதவும். மாற்கு 2-இல் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கியதற்கும், அப்போஸ்தலர் 10-இல் பேதுரு மாடிமேல் ஜெபித்ததற்கும் உதவும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது மூல நூலின் ஆண்டு. தமிழ்ப் பதிப்பின் ஆண்டு அல்ல. சிரியாவில் உகாரித் என்ற பழைய நகரத்தின் களிமண் பலகைகள் 1929 முதல் கிடைக்கத் தொடங்கின. சாக்கடல் சுருள்கள் 1947. பிலாத்துவின் பெயர் பொறித்த கல் செசரியாவில் 1961. ‘தாவீதின் வீடு’ என்ற சொற்றொடர் உள்ள தேல் தான் கல்வெட்டு 1993. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில அகராதியைச் சென்ற ஆண்டு தமிழாக்கி அச்சிட்டிருந்தால், அட்டை புதிது. உள்ளே இவை எதுவும் இராது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி காப்புரிமை முடிந்த அந்தக் காலத்து நூல்களே.

பழையது என்றால் குறைவாக இருக்கும் என்பதோடு போகாது, தவறாகவும் இருக்கும். ஈராக்கில் நூசி என்ற இடத்தில் கிடைத்த பலகைகளை வைத்து, மனைவியைச் சட்டப்படி சகோதரியாகவும் ஏற்கும் வழக்கம் ஒன்று இருந்தது, ஆபிரகாம் சாராளைச் சகோதரி என்றது அதனால்தான் என்று இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு விளக்கம் பரவியது. 1970-களில் அதே பலகைகளை மறுபடி வாசித்தவர்கள் அப்படி ஒரு வழக்கத்துக்கு அவற்றில் ஆதாரமில்லை என்று காட்டினார்கள். 1960-களின் நூல்களில் அது உறுதியான உண்மையாக அச்சாகி இருக்கிறது. அதிலிருந்து எடுத்த பிரசங்கக் குறிப்புகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு அகராதியில் உண்மையான தொல்லை பெயர்கள். பழைய திருப்புதலில் சிரேனியு என்று இருப்பவரை ஆங்கில அகராதியில் ‘கு’ ஒலியில் குயிரினியஸ் என்று தேட வேண்டும். எஸ்தரின் அகாஸ்வேருவைப் பாரசீக வரலாற்றில் தேடினால் முதலாம் செர்க்சஸ் என்று கிடைப்பார். யாத்திராகமம் திருவிவிலியத்தில் விடுதலைப் பயணம். சனகெரிப் அங்கே செனகெரிபு. அகராதியின் முதல் வெற்றுத் தாளில் மூன்று பத்தி கோடு போட்டு, தேடும்போதெல்லாம் பெயரின் மூன்று வடிவத்தையும் எழுதிக்கொண்டே வாருங்கள். நாற்பது ஐம்பது பெயர் சேர்ந்தபின் தேடும் நேரம் பாதியாகிவிடும்.

வசனவாரிப் பின்னணி உரை

ஆங்கிலம் சரளமாக வாசிப்பவர்களுக்கு அடுத்த இடம் இது. புதிய ஏற்பாட்டுக்குக் கிரெய்க் கீனர் எழுதியது (1993, திருத்திய பதிப்பு 2014), பழைய ஏற்பாட்டுக்கு வால்டன், மாத்யூஸ், சவலாஸ் மூவரும் எழுதியது (2000) ஆகிய இரண்டும் பரவலாகப் பயன்படுகின்றன. உபதேச விளக்கம் குறைவு. பழக்கவழக்கம், சட்டம், பொருளாதாரம் என்பதே வேலை. நாளைக்குப் பேச வேண்டிய பகுதியைத் திறந்தால் பத்து நிமிடத்தில் தேவையானது கிடைத்துவிடும்.

இதில் ஏமாறும் இடம் இரண்டு. எந்தப் பழைய நூலிலிருந்து இந்தச் செய்தி வந்தது என்ற மேற்கோள் பெரும்பாலும் தரப்படுவதில்லை. “அக்காலத்தில் இப்படி வழக்கம்” என்று நின்றுவிடும். அக்காலம் என்றால் கி.பி. 30-ஆ 200-ஆ, கலிலேயாவா ரோமாவா என்று தெரியாது. இரண்டாவது, மேற்கத்திய வாசகருக்காக எழுதப்பட்டவை என்பது. போரடிக்கும் களம், முறத்தில் தூற்றுதல், கிணற்றடியில் பெண்கள், காலில் தூசியோடு வரும் விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பது என்று நம் ஊர்க்காரருக்கு விளக்கமே வேண்டாதவற்றுக்கு நீளமாக இடம் போகும். நாம் தடுமாறும் இடத்தில் ஒரு வரிகூட இருக்காது.

வரைபடமும் பருவமும்

நாம் தடுமாறும் இடத்துக்கு 1 சாமுவேல் 12:17 சரியான உதாரணம். “இன்று கோதுமை அறுப்பின் நாள் அல்லவா?” என்று கேட்டுவிட்டு, இடியையும் மழையையும் கர்த்தர் அனுப்புவார் என்கிறார் சாமுவேல். மழை பெய்கிறது, ஜனங்கள் நடுங்குகிறார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் நடுங்க என்ன இருக்கிறது? இங்கே சித்திரை வைகாசியில் இடியோடு கோடைமழை வருவதும் அறுத்துப் போட்ட கதிர் நனைவதும் புதிதல்ல. இஸ்ரவேலில் கோதுமை அறுப்பு மே, ஜூன். முன்மாரி அக்டோபர் கடைசியில் தொடங்கும், பின்மாரி மார்ச், ஏப்ரலோடு முடியும். அதன்பின் செப்டம்பர் வரை வானம் வறண்டு கிடக்கும். அந்த மாதங்களில் இடிமழை என்பது இயற்கையே தடம் புரண்டதுபோல. நம் வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில்தான் தொடங்குகிறது என்பதால் முன்மாரி நமக்கு எளிதில் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒற்றுமை கோடையில் நம்மை ஏமாற்றிவிடுகிறது.

ஆகவே நில வரைபட நூல் வாங்கினால் ஊர்ப்பெயர் புள்ளிகள் மட்டும் உள்ளதை விட்டுவிட்டு, உயரம், மழையளவு, பயிர் நாட்காட்டி மூன்றும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கேசேரில் 1908-இல் கிடைத்த, கி.மு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய சுண்ணாம்புக் கல்லில் விதைப்பு, பிந்திய விதைப்பு, வாற்கோதுமை அறுப்பு, திராட்சை, கோடைக்கனி என்று மாதவாரியாகப் பொறித்திருக்கிறார்கள். அதைப் பட்டியலாகப் போட்டிருக்கும் நூல் என்றால் யோசிக்க வேண்டாம். உயரக் கோடு எதற்கு என்றால்: எருசலேம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர், எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 250 மீட்டர். இருபத்தைந்து கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் தூரத்தில் ஆயிரம் மீட்டர் இறக்கம், நடுவே வறண்ட மலைப்பிளவுகள். நல்ல சமாரியன் கதையில் கள்ளர் ஏன் அங்கே காத்திருந்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

பழைய மூலங்களை நேரே வாசிப்பது

இதுவே எல்லாவற்றுக்கும் ஊற்று. முதலில் இதையே தொடங்குகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நடுவழியில் நிற்பதும் இங்கேதான்.

கி.பி. 37-இல் பிறந்த யோசேப்புஸ் யூதப் போர் வரலாற்றை 75-ஐ ஒட்டியும், யூதத் தொன்மை வரலாற்றை 93-94-இலும் முடித்தார். வில்லியம் விஸ்டனின் 1737 ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. கையில் எடுத்தவுடன் வரும் குழப்பம் எண்முறை. புது ஆய்வு நூல்கள் ‘தொன்மை 18.116’ என்று குறிக்கும். விஸ்டனில் அது 18-ஆம் புத்தகம், 5-ஆம் அதிகாரம், 2-ஆம் பிரிவு. இரண்டு எண்களும் சேர்த்துப் போட்டிருக்கும் பதிப்பையே எடுங்கள், இல்லையென்றால் பாதி நேரம் தேடுவதிலேயே போகும்.

அந்தப் பகுதியில் யோவான் ஸ்நானன் வருகிறார். சுவிசேஷங்களில் ஏரோதியாளின் பகையால் சிரச்சேதம். யோசேப்புஸில், யோவானுக்குப் பின்னால் திரளும் கூட்டம் கலகம் செய்யுமோ என்று ஏரோது அந்திப்பா அஞ்சி மக்கேருஸ் கோட்டையில் கொன்றார். ஒன்றை வைத்து மற்றதைத் தள்ள வேண்டியதில்லை. அரண்மனைக்குள் நடந்தது ஒன்று, ஆட்சியாளரின் கணக்கு இன்னொன்று; இரண்டும் சேர்ந்தால்தான் படம் நிறைகிறது. மத்தேயு 18-க்கும் யோசேப்புஸ் அளவுகோல் தருகிறார்: அந்திப்பாவின் ஆண்டு வருவாய் 200 தாலந்து, அவருடைய சகோதரன் பிலிப்புவினுடையது 100. அந்திப்பாவின் கலிலேயாவில் இருந்துகொண்டு பதினாயிரம் தாலந்து என்று சொன்னால், கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்.

ஆனால் யோசேப்புஸின் எண்களை அப்படியே விழுங்க முடியாது. ஒரு பஸ்காவுக்கு எருசலேமில் 27 லட்சம் பேர் கூடினார்கள் என்கிறார். இரண்டு சதுர கிலோமீட்டர்கூட வராத மதிலுக்குள் தோளோடு தோள் ஒட்டித்தான் நின்றிருக்க வேண்டும். இயேசுவைப் பற்றிய புகழ்பெற்ற பத்தியில் பிற்காலக் கிறிஸ்தவர் கை பட்டிருக்கிறது என்பதே ஆய்வாளரில் பெரும்பான்மையோர் கருத்து. பிரசங்கத்தில் அதை முழுமையாக மேற்கோள் காட்டுகிறவர் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழைய ஏற்பாட்டுக்கு அசீரிய, பாபிலோனியக் கல்வெட்டுகளின் தொகுப்பு வேண்டும். 2 இராஜாக்கள் 18:14-இல் எசேக்கியாமேல் சுமத்திய தண்டம் 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். கி.மு. 701 படையெடுப்பைப் பற்றிய அசீரிய அரசன் சனகெரிபின் களிமண் பட்டகத்தில் 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி. பொன் சரியாகப் பொருந்துகிறது, வெள்ளி பொருந்தவில்லை. 46 கோட்டை நகரங்களைப் பிடித்ததாகவும், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் அடைத்ததாகவும் அதில் பெருமை உண்டு. எருசலேமைப் பிடித்ததாக ஒரு சொல் இல்லை. வெற்றிப் பட்டியலில் விட்டுப்போனதும் சாட்சிதான்.

யூத ரபீகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவை மட்டும் கடைசிக்கு வையுங்கள். அது தொகுக்கப்பட்டது கி.பி. 200-ஐ ஒட்டி; ஆலயம் இடிந்தது 70. நடுவே 130 ஆண்டு. அதில் உள்ள ஒரு விதியை இயேசுவின் காலத்துப் பரிசேயர்மேல் அப்படியே ஏற்றுவது, இன்றைய சட்டத்தை வைத்து 1890-களின் கிராமப் பஞ்சாயத்தை விளக்குவதுபோல. பழைய மரபுகள் உள்ளே இருக்கின்றன. எது பழையது என்று பிரிக்கப் பயிற்சி வேண்டும்.

காணொளிகள், சுற்றுப்பயணம்

காணொளியில் நல்லவையும் உண்டு, அகழாய்வு இடத்தைக் காட்ட அதைவிட எளிய வழி இல்லை. ஆனால் ஆதாரம் கேட்க முடியாத வகை இது. கல்லறையில் மடித்து வைத்த துண்டைப் பற்றி வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி சுற்றும்: யூத எஜமான் சாப்பாட்டு நடுவே துண்டை மடித்து வைத்துப் போனால் ‘திரும்பி வருவேன்’ என்று பொருளாம். எந்தப் பழைய யூத நூலிலும் இப்படி ஒரு வழக்கம் இல்லை. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு யோவான் 20:7-இல் வைத்த ‘நாப்கின்’ என்ற சொல்லைச் சாப்பாட்டு மேசைத் துண்டாக எடுத்துக்கொண்டதில் பிறந்த கதை அது. தமிழில் அது தலையில் சுற்றியிருந்த சீலை, சுருட்டி வைத்தது. நம் வேதாகமத்தைத் திறந்தாலே கதை விழுந்துவிடும்.

பரிசுத்த பூமிப் பயணம் நிலத்தைப் புரிய வைக்கும், வரலாற்றை அந்த அளவுக்கு அல்ல. சிப்பாய்கள் இயேசுவைப் பரிகசித்த தளம் என்று விளையாட்டுக் கோடுகளோடு காட்டப்படும் கல் பாவிய தரை, பேரரசர் ஹட்ரியன் காலத்தது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. போவதானால் அகராதியில் அந்த ஊர்களின் கட்டுரைகளைப் படித்துவிட்டுப் போங்கள். வந்து படித்தால், வழிகாட்டி சொன்னதை மறக்க வேண்டியிருக்கும்.

யாருக்கு எது

தமிழ் மட்டும் வாசிப்பவர்: இரண்டு மொழிபெயர்ப்பு, பிறகு அகராதி. ஆய்வு வேதாகமத்துக்குத் தனியே செலவழிக்க வேண்டாம். புதிதாக வாசிக்கத் தொடங்கும் இளைஞருக்குப் பரிசு கொடுப்பதென்றால் மட்டும் ஆய்வு வேதாகமம் முதலிடம் பெறும், இரண்டு நூல் சுமக்கச் சொன்னால் ஒன்றையும் திறக்கமாட்டார். வாரம்தோறும் பிரசங்கிக்கிறவர், ஆங்கிலமும் வாசிப்பவர்: அகராதியோடு வசனவாரி உரை. ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கு உரையைவிட உயரம் காட்டும் வரைபடம் உதவும். யோசேப்புஸ், கல்வெட்டுகள் எல்லாம் ஓராண்டுக்குப்பின், அதுவும் அகராதி சுட்டும் பகுதியை மட்டும்.

எதை வாங்கினாலும், நூலைத் திறக்குமுன் கேள்வியை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: ‘கட்டாலுமா எப்படிப்பட்ட இடம்?’ கிடைத்த பதிலுக்கு அருகில் ஆதாரத்தின் தேதி, இடம், அது யாருடைய வழக்கம் (அரண்மனையா, ஆலயமா, குடியானவனா) என்று மூன்றும் குறியுங்கள். மூன்றில் இரண்டு காலியாக இருந்தால் அந்தப் பதிலை வகுப்பில் உறுதியாகச் சொல்லாதீர்கள்.

கடையில் நின்று மூன்று வசனமும் பார்த்து முடித்தபின் நான்காவதாக மத்தேயு 19:24-ஐயும் திறந்து பாருங்கள். ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த சிறிய வாசல், ஒட்டகம் மண்டியிட்டுச் சுமையை இறக்கி அதில் நுழையும் என்று எழுதியிருக்கிறதா? அப்படி ஒரு வாசல் முதல் நூற்றாண்டில் இருந்ததற்கு ஒரு ஆதாரமும் இல்லை. பல நூற்றாண்டுகளுக்குப்பின் வந்த கதை. எழுதியிருந்தால் நூலை அலமாரியிலேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.